வேண்டாமென்று சொல்லி வாங்கிய கிணறு

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு ஆளுக்கொரு அகராதி கொடுத்திருப்பார்கள். நல்லது. பத்திரமாக வைத்திருங்கள், மத்தியானத்தில் தலைக்கு வைத்துப் படுக்க உதவும். மனு எப்படி எழுதுவது, சட்டத்தை எப்படித் தமிழாக்குவது என்பதையெல்லாம் உங்கள் தலைமை எழுத்தர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்றைத்தான் நான் சொல்லப் போகிறேன். அவருக்கே அது தெரியாது என்பது என் ஊகம்.

சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்து ஓர் ஊரின் கிணற்றைத் தூர்த்தவன் நான். அதுவும் வெட்டுவதற்கு முன்னமே தூர்த்தவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணக் கச்சேரியில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கச்சேரி என்றதும் பாட்டும் மிருதங்கமும் நினைக்க வேண்டாம், அரசாங்க அலுவலகத்துக்கு எங்களூரில் அதுதான் பெயர். ஆறு மாதம் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். எனக்கு அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலை இருக்கவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவன் என்ற தலைக்கனம். ஒரு சொல்லைக் கூட்டமாட்டேன், ஒரு சொல்லைக் குறைக்கமாட்டேன். துரை இருமியிருந்தால் நானும் இருமியிருப்பேன்.

எனக்கு வாய்த்த உதவித் துரை, அதாவது வெள்ளைக்கார உதவி அதிகாரி, நல்ல மனிதர். முந்திய துரைமார் மேசையில் இருந்துகொண்டே ஊர்களை ஆண்டார்கள். இவர் ஊருக்குப் போய்ச் சனங்களின் வாயாலேயே கேட்க வேண்டும் என்பார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை தென்மராட்சிப் பகுதியில் கடல்நீரேரிக் கரையோரமாக இருந்த ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். என் சம்பந்தி வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்கு அங்கே சாப்பாடு வேண்டும்.

அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். பெண்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர்க் கோயில் கிணற்றில் அள்ளி, இரண்டு மைல் சுமந்து வருவார்கள். ஊரின் மேற்கு மூலையில், பனங்காணி ஒன்றுக்குள், ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று நீர் பார்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் நடுவில் கற்பாறை. வெடி வைத்து உடைக்க ஊராரால் முடியாது, அரசாங்கத்தால் முடியும். இரண்டு வருஷத்துக்கு முன் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வலிகாமத்தில் இன்னோர் ஊரும் அப்படியே மனுக் கொடுத்திருந்தது. அந்த வருஷம் வெட்டக்கூடியது ஒரே ஒரு கிணறு. எந்த ஊருக்கு என்று துரை எழுதுகிறாரோ அந்த ஊருக்கு.

பள்ளிக்கூடக் கொட்டிலில் வெள்ளைத் துணி கட்டி, தோரணம் கட்டி, ஊர் முழுவதும் கூடியிருந்தது. ஊர்த் தலைவர் விதானையார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். துரை சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"உங்களுக்கு இன்னும் கிணறு வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

விதானையார் பதறிப்போனார். "ஐயோ, துரைக்கு ஏன் உந்தக் கரைச்சல்? நாங்கள் எப்பிடியோ சமாளிச்சுக்கொண்டு இருக்கிறம்."

துரைக்குத் தொந்தரவு வேண்டாமாம், எப்படியோ சமாளிக்கிறார்களாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. துரையின் புருவம் ஏறியது.

"அப்படியானால் தண்ணீர்ப் பிரச்சினை இப்போது இல்லையா?"

"துரை இஞ்சை காலடி எடுத்து வைச்சதே எங்களுக்குக் கிணறு வெட்டினமாதிரி. எங்களுக்கு வேறை என்ன வேணும்?" என்றார் விதானையார். சுற்றி நின்ற கிழவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதையும் அப்படியே சொன்னேன். துரை தம் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார், புத்தகத்தை மூடினார், எழுந்துவிட்டார். விதானையாரின் முகத்தைப் பார்த்தேன். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வராமல் போன ஆளின் முகம். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டில் "சாப்பிடுங்கோ" என்றால் முதல் தரம் வேண்டாம் என்போம், அது வீட்டுக்காரருக்கு மரியாதை. இரண்டாம் தரமும் வேண்டாம் என்போம், அது நமக்கு மரியாதை. மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் வயிற்றைப் பற்றி யோசிப்போம். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் மூன்றாம் தரம் கேட்கும்வரை பலகாரத் தட்டைத் தொடாமல் இருந்தவன்தான். ஆனால் வாயில் ஆங்கிலம் இருக்கும்போது அந்த மூளை வேலை செய்யவில்லை. துரை இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் வேண்டாம் என்றார்கள், கணக்கு முடிந்தது என்று நானும் குடையை எடுத்துக்கொண்டேன்.

காரில் ஏறும்போது துரை ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "இனிமையான ஊர். நீங்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு என் பங்களாவுக்கு வரவேண்டும்."

"துரை உங்களெல்லாரையும் தன்ரை பங்களாவுக்கு வரட்டாம்" என்றேன்.

விதானையாரின் முகம் மலர்ந்தது. "அப்பிடியோ! எப்ப வரட்டாம்?"

அதையும் கேட்டேன். துரை ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டே, "எப்போது வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும்!" என்று கையை ஆட்டினார். நான் அதையும் கொடுத்தேன். எங்கள் கார் தெருமுடக்கில் திரும்பும்போது ஒருவர் பஞ்சாங்கம் எடுத்து வர ஓடுவதைக் கண்டேன்.

திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு, கொழும்புக்குப் போகவிருந்த கடிதத்தின் நகலைக் காட்டினார். தென்மராட்சி ஊராருக்குக் கிணறு தேவைப்படவில்லை, மொழிபெயர்ப்பாளர் மூலம் நேரில் விசாரித்து அறிந்தேன், ஆகவே கிணற்றை வலிகாமத்து ஊருக்குக் கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை மாலைத் தபால் ரயிலில் அது போகும்.

எனக்கு அப்போதுதான் விதானையாரின் முகம் திரும்ப வந்தது.

"ஐயா, அவர்களுக்குக் கிணறு வேண்டும்" என்றேன்.

"வேண்டாம் என்று சொன்னார்கள் என்று நீர்தானே சொன்னீர்?"

"ஆம் ஐயா. வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்."

"பிறகு?"

"ஆனால் அது வேண்டாம் இல்லை, ஐயா."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்று, சனிக்கிழமை நீர் பிழையாக மொழிபெயர்த்திருக்கிறீர். அல்லது இன்றைக்கு ஓர் ஊருக்காகப் பரிந்து பேசுகிறீர். இரண்டில் எது?"

இரண்டில் எதைச் சொன்னாலும் ஆறு மாதத் தவணை அங்கேயே முடிந்துவிடும். நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தம்பிமாரே, அன்றைக்குத் துரைக்கு என் மேல் வந்த கோபத்தைவிட, எனக்கு என் மேல் வந்த வெட்கம் பெரியது. அந்த ஊர்ப் பெண்கள் இன்னும் எத்தனை வருஷம் குடம் சுமப்பார்கள் என்று நினைக்க நினைக்க மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அந்தோனி வந்தான். அந்தோனி துரை பங்களாவின் குசினிக்காரன், அதாவது சமையல்காரன். குருநகர் ஆள், தினமும் துரைக்கு மத்தியானச் சாப்பாட்டை அடுக்குப் பெட்டியில் கொண்டு வருவான். அவனுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லே கிடையாது. நான் அவனை மனதுக்குள் ஏளனம் செய்துவந்தேன். அன்றைக்கு வேறு ஆளில்லாமல் அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தம்பி, வெள்ளையள் ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாமெண்டால் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிடுவினம். நான் முதல் முதல் வேலைக்குப் போன வீட்டிலை துரைசாணி 'அந்தோனி, சாப்பாடு?' எண்டு கேட்டா. நான் மரியாதைக்கு வேண்டாமெண்டன். ரண்டாம் நாளும் கேட்டா, வேண்டாமெண்டன். மூண்டாம் நாள் மனிசி கேக்கேல்லை! இவனுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதாக்கும் எண்டு நினைச்சிட்டா. சமைக்கிற எனக்குத் தம்பி, மூண்டு நாள் பட்டினி."

"நீ பிறகு என்ன செய்தனி?"

"நாலாம் நாள் கேக்க முன்னமே ஓம் எண்டன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தோனி பெட்டியை மூடிக்கொண்டு, "அவையள் ஒருநாளைக்கு வாங்கோ எண்டு சொல்லுறதும் உப்பிடித்தான். சும்மா ஒரு சந்தோசத்துக்குச் சொல்லுறது. ஒருத்தரும் போறேல்லை" என்றான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சாங்கம் எடுக்க ஓடிய ஆள் கண்முன்னே வந்தார். அன்று பின்னேரமே விதானையாரிடமிருந்து ஒரு கடதாசி வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்ல நேரமாம். ஊரார் வருகிறார்களாம். துரையிடம் சொல்லிவிடட்டாம்.

நான் அந்தோனியைத் தேடிக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போனேன். ஆள் அனுப்பி அவர்களை மறித்துவிடப் போகிறேன் என்றேன். அவன் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"மறிக்காதையுங்கோ, தம்பி. வரட்டும். துரை நல்ல மனிசன், வந்த ஆக்களை ஒண்டும் குடுக்காமல் அனுப்பார். குடிக்க ஏதும் வேணுமோ எண்டு கேப்பார். கேக்கட்டும். அதுக்குப் பிறகு உங்கடை கெட்டித்தனம்."

"சைவக்காரர் உங்கடை குசினித் தேத்தண்ணி குடிக்காயினம், அந்தோனி."

"அது எனக்குத் தெரியாதே? இளநி ஆர் வெட்டினாலும் குடிப்பினம். வளவுக்கை பதினெட்டுத் தென்னை நிக்குது."

யோசித்துப் பாருங்கள். மறித்தால் என் வேலை தப்பும், கிணறு போகும். மறிக்காமல் விட்டால் கிணறு கிடைக்குமோ தெரியாது, வேலை போவது அநேகமாக நிச்சயம். துரையிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவர் கடிதம் எழுதி நாகரிகமாக வேண்டாம் என்றிருப்பார். அந்த வேண்டாம் உண்மையான வேண்டாமாக இருந்திருக்கும். நான் ஆளனுப்பவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பங்களாச் சேவகன் மூச்சு வாங்க என் அறைக்கு ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் வாசலில் ஆறு மாட்டுவண்டிகள். நாற்பது பேர் இருக்கும். பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பெண்கள் நல்ல சேலை உடுத்து வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதல்முறை வீட்டுக்கு அழைத்த இடத்துக்குச் சும்மா போவது அழகில்லை என்று ஒரு மேளமும் நாதஸ்வரமும் பிடித்து வந்திருந்தார்கள். துரை பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு விறாந்தையில் நின்றார். அவருக்குப் பின்னால் துரைசாணி.

"இது என்ன, கலகமா?" என்றார் துரை.

"இல்லை ஐயா. விருந்தாளிகள்."

"யார் அழைத்தது?"

"நீங்கள்தான், ஐயா."

"நானா?"

"எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றீர்கள். வியாழன் எட்டு மணியும் அதற்குள் அடங்கும், ஐயா."

துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் நாதஸ்வரக்காரர் வேறு ஒரு புதிய உருப்படியைத் தொடங்கினார். துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார், அழவோ சிரிக்கவோ தெரியவில்லை. ஆனால் துரை நல்ல மனிதர் என்று அந்தோனி சொன்னது பிழையில்லை. நுரையைத் துடைத்துவிட்டு வந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். "வெயிலில் வந்திருக்கிறார்கள். இளநீர் குடிக்கிறார்களா என்று கேளும்" என்றார்.

கேட்டேன்.

"ஐயோ, ஒண்டும் வேண்டாம்! குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் விதானையார். விடிய மூன்று மணிக்கு வண்டி கட்டி, பன்னிரண்டு மைல் புழுதி தின்று வந்தவர். உதடு வெடித்திருந்தது.

"வேண்டாமாம், ஐயா."

"சரி" என்று துரை திரும்பினார். திரும்பும்போது அவர் முகத்தில் ஓர் ஆறுதல். அடுத்த நிமிஷம் அவர் உள்ளே போய்விடுவார், மாலையில் கடிதமும் போய்விடும்.

"ஐயா, திரும்பக் கேளுங்கள்" என்றேன்.

"ஏன்? வேண்டாம் என்றுவிட்டார்களே."

"தயவுசெய்து கேளுங்கள். இன்னும் இரண்டு தரம். அதற்குப் பிறகு நீங்கள் என்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும் சரி."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். ஆனாலும் கேட்டார். "துரைக்கு ஏன் கரைச்சல்" என்று விதானையார் கைகூப்பினார். துரை என்னைப் பார்த்தார். நான் மூன்று விரலைக் காட்டினேன். மூன்றாம் தரம் கேட்டார்.

விதானையார் ஒரு பெருமூச்சு விட்டார். "துரை இவ்வளவு தூரம் கேக்கிறார். இனியும் வேண்டாமெண்டால் மரியாதையில்லை. ஒரு வாய் நனைப்பம்."

சொல்லி முடியுமுன் வீட்டு மூலையில் இருந்து அந்தோனி இளநீர்க் குலைகளோடு வந்தான். முதல் நாளே வெட்டி அடுக்கி வைத்திருந்திருக்கிறான். ஒரு வாய் நனைக்க வந்த விதானையார் முதலாவதை அண்ணாந்து ஒரே மூச்சில் முடித்தார். இரண்டாவதை அந்தோனி கேளாமலே கையில் கொடுத்தான். நாற்பது பேரும் குடித்தார்கள். நாதஸ்வரக்காரர் மூன்று குடித்தார். துரை விறாந்தைக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் மெதுவாகக் கேட்டார். "சனிக்கிழமை நான் கிணற்றைப் பற்றி எத்தனை தரம் கேட்டேன்?"

"இரண்டு தரம், ஐயா."

"மூன்று தரம் கேட்க வேண்டும் என்று நீர் எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"அவர்கள் சொன்ன சொல்லை மட்டும் சொன்னேன், ஐயா. பிழை என்னுடையது."

அவர் படியிறங்கி விதானையாரின் முன்னால் போய் நின்றார். "உங்களுக்குக் கிணறு வேண்டுமா?" என்று மூன்றாம் தரம் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

இப்போது பாருங்கள் கூத்தை. சனிக்கிழமைக் கணக்கு சனிக்கிழமையோடு போயிற்று, இது வேறு நாள், வேறு வீடு, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதானையார் நினைத்துவிட்டார். "ஐயோ, துரைக்கு ஏன் உந்தக் கரை..."

"இஞ்சாருங்கோ!"

வண்டிப் பக்கமிருந்து வந்த குரல் விதானையாரின் மனைவியுடையது. ஆண்கள் கூடிய இடத்தில் அந்த அம்மா அதற்கு முன் வாய்திறந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தண்ணி அள்ளுறது நீங்களோ, நானோ? மூண்டாம்தரம் கேட்டாச்சு. இனியும் நாலாம்தரம் கேக்க அந்த மனிசனுக்கென்ன விசரோ?" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் துரையைப் பார்த்தார். "வேணும், துரை. கட்டாயம் வேணும். இருபது வருசமா நடக்கிறன். என்ரை மகளும் நடக்கிறாள்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். துரை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உள்ளே போய் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து வந்து, என் முன்னால் நாலாகக் கிழித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புறப்படும்போது விதானையார் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் துரையின் காலடியில் வைத்தார். வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். துரை இரண்டடி பின்னால் போனார். "இல்லை, இல்லை, என்னால் இதை வாங்க முடியாது" என்றார். அவர் கண் கடகத்தை விட்டு அகலவில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். விதானையார் என்னைத் தடுத்தார்.

"தம்பி, இதை நீர் தமிழிலை சொல்ல வேண்டாம். எங்களுக்கு விளங்குது." பிறகு அந்தோனியைப் பார்த்து, "உள்ளுக்கை கொண்டுபோய் வையும்" என்றார். துரை தடுக்கவில்லை. மூன்று நாளில் கடகம் வெறுமையாகிவிட்டது என்று அந்தோனி சொன்னான்.

வண்டிகள் பூட்டியதும் துரை விடைகொடுக்க வந்தார். "நீங்கள் எல்லாரும் இன்னொரு நாளைக்கு..." என்று தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டு, என் காதில் கேட்டார். "விடைகொடுக்க நான் என்ன சொல்ல வேண்டும்?"

"'போட்டு வாங்கோ' என்று சொல்லுங்கள், ஐயா. போய்விட்டு வாருங்கள் என்பது."

"திரும்பவும் வரச் சொல்வதா?"

"சொல்வோம், ஐயா. ஆனால் அதற்கு ஒருவரும் வரமாட்டார்கள்."

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். மூன்று மாதம் கழித்து என் வேலை நிரந்தரமானது. வலிகாமத்து ஊருக்கு அடுத்த வருஷம் கிணறு கிடைத்தது. துரை அங்கே போய் ஒருதரம் கேட்டதுமே ஊர் முழுவதும் ஒரே குரலில் "ஓம்" என்றதாம். செய்தி பரவியிருந்தது.

தென்மராட்சிக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறிய நாளன்று என்னையும் கூப்பிட்டார்கள். சைக்கிளில் பன்னிரண்டு மைல் உழக்கி, நாக்கு வறண்டு போய்ச் சேர்ந்தேன். விதானையாரின் மனைவி புதிய செம்பில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து, "குடியுங்கோ தம்பி" என்றார்.

"வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சனான்" என்றேன். இத்தனை நடந்த பிறகும் அந்த வாய் அப்படித்தான் சொன்னது.

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி" என்று செம்போடு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"அக்கா! அக்கா, நில்லுங்கோ!"

"நான் இப்ப துரையைப்போலை. ஒருக்காத்தான் கேப்பன்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

நான் ஓடிப்போய்ச் செம்பை இரண்டு கையாலும் வாங்கி, நின்ற நிலையில் முழுவதையும் குடித்தேன். தண்ணீர் இனித்தது.